‘ஏன் கூடாது’ என்பதையும் கற்றுக்கொடுங்கள்

டெங்கு பரவும் காலங்களில், காய்ச்சலுக்கு ஆஸ்பிரின் சாப்பிடக் கூடாது என்று மருத்துவர்கள் எச்சரிக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமும் இதையே வற்புறுத்துகிறது. ஆனாலும் உடம்பு வலிக்கிறதென்று கடையில் ஏதோ ஒரு மாத்திரையை வாங்கி விழுங்கும் பழக்கம் நம்மிடையே இருக்கத்தான் செய்கிறது. ‘கூடாது’ என்று மட்டும் சொன்னால் மனத்தில் பதிவதில்லை. காரணமும் தெரிந்தால்தான் பதியும். அந்தக் காரணத்தை உயர்நிலைப் பள்ளியிலேயே கற்பிக்க வேண்டும் என்பது என் கருத்து.

இரத்தத் தட்டுகள் இரத்தம் உறைய உதவுகின்றன என்று நாம் படிக்கிறோம். பெரும்பாலும் பாடம் அத்துடன் முடிந்துவிடுகிறது. எப்படி உதவுகின்றன?

எலும்பு மஜ்ஜையில் உள்ள பெரிய செல்களிலிருந்து பிரிந்து வரும் துணுக்குகளே இரத்தத் தட்டுகள். ஒரு கன மில்லிமீட்டர் இரத்தத்தில் இவை 1,50,000 முதல் 4,50,000 வரை இருக்கும். ஆயுள் சுமார் 8 முதல் 10 நாட்கள். இவற்றுக்கு உட்கரு கிடையாது. இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

இரத்தக் குழாயில் காயம் பட்டால், அதன் சுவருக்கு அடியில் உள்ள கொலாஜன் என்ற புரதம் வெளிப்படுகிறது. அதைத் தொட்ட இரத்தத் தட்டு விழித்துக்கொள்கிறது. மற்றத் தட்டுகளையும் உதவிக்கு அழைக்க வேண்டுமே! அதற்கான வேதிப்பொருள்களில் ஒன்றை அது முன்கூட்டியே செய்து வைத்திருப்பதில்லை. தன் சவ்விலிருந்தே வெட்டி எடுத்துக்கொள்கிறது.

இரத்தத் தட்டின் சவ்வு பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்புப் பொருள்களால் ஆனது. அவற்றை வெட்டும் கத்திரிக்கோல்கள், என்சைம் எனப்படும் நொதிகள். பாஸ்போலிப்பேஸ் சி என்ற நொதி முதலில் ஒரு கொழுப்பு மூலக்கூறின் தலைப்பகுதியை வெட்டுகிறது. அந்தத் துண்டு உள்ளே சென்று, சேமிப்பில் உள்ள கால்சியம் அயனிகளைத் திறந்துவிடுகிறது. கால்சியம் வந்ததும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி வேலையைத் தொடங்குகிறது. அது சவ்விலிருந்து அரக்கிடோனிக் அமிலத்தை வெட்டி எடுக்கிறது. 20 கார்பன் அணுக்கள் கொண்ட கொழுப்பு அமிலம் இது. இதைச் சைக்ளோ-ஆக்சிஜனேஸ் என்ற நொதி மாற்றியமைக்க, அடுத்த நொதி அதைத் த்ராம்பாக்சேன் ஏ2 ஆக்குகிறது. இதுவே அழைப்பு மணி! அக்கம்பக்கத்துத் தட்டுகள் வந்து ஒட்டிக்கொள்கின்றன. இரத்தக் குழாயும் சுருங்குகிறது. த்ராம்பாக்சேனில் பாதி அரை நிமிடத்திலேயே சிதைந்துவிடுவதால், அழைப்பு காயம் பட்ட இடத்தைவிட்டு வெகுதூரம் போவதில்லை.

இந்தத் தொடரில் ஆஸ்பிரின் எங்கே குறுக்கிடுகிறது? 1899-ல் விற்பனைக்கு வந்த மருந்து அது. உடலில் ப்ராஸ்டாகிளாண்டின்கள் என்ற பொருள்கள் உண்டாவதை அது தடுக்கிறது என்று 1971-ல்தான் இங்கிலாந்தின் ஜான் வேன் காட்டினார். 1975-ல் ஸ்வீடனின் சாமுவேல்சன் குழுவினர் த்ராம்பாக்சேனைக் கண்டறிந்தனர். இவ்விருவரும் பெர்க்ஸ்ட்ரோமுடன் 1982-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஆஸ்பிரின் தன் அசிட்டைல் பகுதியைச் சைக்ளோ-ஆக்சிஜனேஸ் மீது நிரந்தரமாக ஒட்டிவிடுகிறது. நொதி முடங்குகிறது. உட்கரு உள்ள செல்கள் புதிய நொதியைச் செய்துகொள்ளும். இரத்தத் தட்டுக்கோ உட்கரு இல்லை. ஆகவே ஆயுள் முழுதும் அதனால் த்ராம்பாக்சேன் செய்ய முடியாது. புதிய தட்டுகள் வந்து நிரம்பும்வரை, ஒரே ஒரு மாத்திரையின் விளைவும் சில நாட்கள் நீடிக்கும். டெங்குவில் தட்டுகளின் எண்ணிக்கையே குறைகிறது. எஞ்சியவற்றையும் செயலிழக்கச் செய்தால் இரத்தப்போக்கு ஆபத்து கூடாதா?

இதெல்லாம் மாணவர்களுக்குக் கடினம் என்று சிலர் சொல்லலாம். பெயர்களை மனப்பாடம் செய்யச் சொன்னால் கடினம்தான். ஆனால் சவ்வு வெட்டப்படுகிறது, அமிலம் வருகிறது, அழைப்பாக மாறுகிறது, ஆஸ்பிரின் அதைத் தடுக்கிறது என்ற நான்கு படிகளில் கடினம் என்ன இருக்கிறது?

அரைகுறை அறிவு ஆபத்து என்றும் சிலர் சொல்வார்கள். உண்மைதான், ஆனால் ‘ஆஸ்பிரின் கெட்டது’ என்று மட்டும் தெரிந்திருப்பதுதான் அரைகுறை அறிவு. அப்படிப்பட்டவர் தாத்தா இதய நோய்க்காகச் சாப்பிடும் ஆஸ்பிரினையும் நிறுத்தச் சொல்லிவிடுவார். இதயத்தின் இரத்தக் குழாயில் அடைப்பு ஏற்படாமல் காப்பதும், டெங்குவில் தீங்கு செய்வதும் ஒரே செயல்தான் என்று அறிந்த மாணவர், இரண்டையும் மருத்துவரின் முடிவுக்கு விட்டுவிடுவார்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகளை எடுத்துப் பாருங்கள். ஆஸ்பிரின் வெவ்வேறு பெயர்களில் விற்கப்படுகிறது. அசிட்டைல்சாலிசிலிக் அமிலம் என்று எதில் எழுதியிருக்கிறது என்று தேடுங்கள். அது என்ன செய்யும் என்பதை வீட்டாருக்கு உங்கள் சொந்தச் சொற்களில் விளக்குங்கள்.