ஃபூவும் சாத்தனும்

கணினிச் செய்நிரல் எழுதப் பழகுகிறவர்கள் ஆங்கில நூல்களில் விரைவிலேயே சந்திக்கும் இருவர் 'ஃபூ', 'பார்'. மாறி ஒன்றுக்கு ஏதாவது பெயர் வேண்டும், என்ன பெயர் என்பது முக்கியமில்லை என்றால் இவற்றை இட்டுவிடுவார்கள். கணிதத்தில் எக்ஸ், வை போல என்று சொல்லலாம். ஆனால் எக்ஸ் ஓர் எழுத்து என்பது எல்லோருக்கும் தெரியும். 'ஃபூ' வெறும் பெயரா, கணினிக்கு இடும் கட்டளையா என்று புதிதாகப் படிப்பவளுக்கு எப்படித் தெரியும்? 'பார்' என்பதோ தமிழ்க் காதுக்குக் கட்டளையேதான்!

1930களில் அமெரிக்கச் சித்திரக்கதை ஒன்றில் 'ஃபூ' பொருளற்ற வேடிக்கைச் சொல்லாக வந்தது. இரண்டாம் உலகப் போரில் அந்நாட்டுப் படையினரிடையே ஏறத்தாழ இதே ஒலியுடைய ஒரு கொச்சைச் சொல் வழங்கியது. அதன் விரிவை இந்தச் சஞ்சிகையில் எழுத முடியாது. பின்னர் எம்.ஐ.டி. மாணவர்கள் வாயிலாகக் கணினி உலகில் நிலைத்தது.

பைதன் மொழியோ ஒரு பிரித்தானிய நகைச்சுவைக் குழுவின் பெயரைச் சூடிக்கொண்டது. அக்குழுவின் நாடகமொன்றை நினைத்து அதன் கைநூலில் 'ஸ்பாம்' என்று மாதிரிப் பெயர் இடுகிறார்கள். ஸ்பாம் என்பது டின்னில் அடைத்த பன்றி இறைச்சி! தட்டச்சுச் செய்வதில் குற்றமில்லை. எங்கே சிரிக்க வேண்டும் என்பதுதான் எமக்குத் தெரியாது.

என் தோழி ஒருத்தி இரண்டாம் வாரமே பாடத்தை மாற்றிக்கொண்டாள். ஃபூ மட்டும் காரணமில்லை. ஆயினும் முதல் பக்கத்திலேயே பிறர் வீட்டுச் சிரிப்பொலி கேட்டால் வாசலில் தயங்கத்தானே செய்வோம்?

தொல்காப்பிய உரைகளில் சாத்தனும் கொற்றனும் ஓயாமல் வந்து போகிறார்கள். அரபு இலக்கண நூல்களில் ஸைத் இன்றுவரை அம்ரை அடித்துக்கொண்டிருக்கிறார், பாவம் அம்ர். அக்கால மாணவனுக்குச் சாத்தன் ஓர் ஆளின் பெயர் என்று சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவனுடைய கவனம் நேரே இலக்கணத்தில் விழுந்தது. 1978இல் ரிவெஸ்ட், ஷமீர், அட்லமன் மூவரும் இரகசியச் செய்தி அனுப்பும் முறை பற்றி எழுதியபோது, ஏ, பீ என்ற வெறும் எழுத்துகளுக்குப் பதிலாக அலிஸ், பொப் என்று ஆட்களை வைத்ததும் இப்படித்தான்.

'பெயரைப் பார்க்காதே, அமைப்பைப் பார்' என்று உணர்த்தவே பொருளற்ற பெயர் என்பார்கள். பழகியவர்களுக்கு அது சரி. படிக்கத் தொடங்குபவளுக்கு அதுவே இன்னொரு பூட்டு.

எமது டியூட்களில் முதல் நான்கைந்து பயிற்சிகளுக்காவது 'புள்ளி', 'கட்டணம்' என்று பெயரிட்டால் என்ன? பைதனின் மூன்றாம் பதிப்பு மாறிகளுக்குத் தமிழ் எழுத்தில் பெயரிடவும் இடந்தருகிறது. ஃபூ வரும்போது, 'இது வெறும் பெயர்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அலிஸுக்கும் பொப்புக்கும் பதிலாக அமீனாவும் பஷீரும் வரலாம். அமீனா பஷீருக்கு இரகசியச் செய்தி அனுப்பினால் வகுப்பே சிரிக்கும் என்று ஆசிரியைகள் அஞ்சினால், பஷீரை பதுருன்னிஸாவாக்கிவிடுவோம்.