வாழைக்கறை போகாது

முதல்லயே சொல்லிடறேன். வாழைக்கறை போகாது. காய்ஞ்சு கறுத்த பிறகு எந்தத் தூளும் எந்த லிக்விடும் அதை முழுசா எடுக்காது. "நீங்கதான் வாழை போடறீங்களே, ஏதாவது கைவைத்தியம் இருக்கும், சொல்லுங்க"ன்னு போன்ல கேக்கற டவுன் நண்பர்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. எங்ககிட்ட அப்படி ஒரு ரகசியம் இருந்தா தொட்டியம், முசிறிப் பக்கம் இலை அறுக்கற ஆளுங்க எல்லாரும் வெள்ளைச் சட்டையிலதான் திரிவாங்க.

வாழையை வெட்டினதும் வடியற பால் துணியில படும்போது தண்ணி மாதிரிதான் தெரியும். நிறமே இருக்காது. அங்கதான் ஏமாந்துடறோம். அதுல இருக்கற பீனால் வகைப் பொருள்கள் காத்து பட்டதும் ஆக்சிஜனோட சேர்ந்து பழுப்பாகி, போகப் போகக் கறுத்துடும். நறுக்கி வெச்ச வாழைக்காய் கறுக்குதே, அதே கதைதான். ஆனா துணியில இது நூலுக்குள்ள இறங்கினதுக்கப்புறம் நடக்குது. அதனால இது மேல ஒட்டின அழுக்கு இல்ல, கிட்டத்தட்ட சாயம். துணிக்குச் சாயம் நல்லாப் பிடிக்க வாழைச்சாறு உதவுமான்னு ஆய்வே பண்ணியிருக்காங்கன்னா பார்த்துக்குங்க. பிரஷ் போட்டுத் தேய்ச்சா துணிதான் கிழியும்.

செய்யக்கூடியது ஒண்ணே ஒண்ணுதான், அது உங்க அடுப்படியிலேயே இருக்கு. வாழைப்பூ ஆயும்போது கையில எண்ணெய் தடவிக்கிறோம். நறுக்கினதை மோர்த்தண்ணியில போடறோம். புளிப்பு அந்தக் கறுப்பு ஏறுறதைத் தாமதமாக்கும். துணிக்கும் அதேதான். பால் பட்ட உடனே, நிறம் மாறுறதுக்கு முன்னாடி, நிறைய தண்ணி விட்டு அலசிட்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிஞ்சு கசக்கி, மறுபடி அலசணும். சாயந்தரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கலாம்னு விட்டா அவ்வளவுதான். மண்ணெண்ணெய் போடச் சொல்லுவாங்க. பிசுபிசுப்பு குறையலாம், நிறம் அப்படியே இருக்கும், நாத்தம் மட்டும் கூடுதலாச் சேரும்.

மத்த கறையெல்லாம் இதை விட நல்ல பிள்ளைங்க. மஞ்சள் கறையில சோப்பு போட்டதும் சிவப்பாகுதேன்னு பயப்படறாங்க. ஆரத்தியில மஞ்சளோட சுண்ணாம்பு சேர்ந்தா சிவக்குதில்ல, அதே காரத்தோட வேலைதான். நல்லா அலசி, ஈரத்தோட வெயில்ல போடுங்க. மஞ்சள் நிறத்துக்கு வெயில் ஆகாது, ரெண்டு மூணு நாள்ல வெளுத்துடும். ரத்தக்கறைக்குப் பச்சைத்தண்ணிதான், சுடுதண்ணி விட்டா இறுகிடும். செம்மண்ணை ஈரத்துல தேய்க்காதீங்க. காயவிட்டு உதறிட்டு அப்புறம் துவைங்க. இரும்புத் துருவுக்கு எலுமிச்சையும் உப்பும் போதும், பிளீச்சிங் போட்டா கறை இன்னும் அழுத்தமாயிடும். இன்னொண்ணு முக்கியமா: பிளீச்சிங்கோட கக்கூஸ் கழுவுற ஆசிட்டையோ வினிகரையோ கலக்கவே கலக்காதீங்க. குளோரின் வாயு வரும், மூடின பாத்ரூம்ல உயிருக்கே ஆபத்து.

சரி, நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன்.

கறை நல்லதுன்னு டிவியில விளம்பரம் வருது. பையன் சேத்துல விழுந்து வருவான், அம்மா சிரிப்பாங்க, அடுத்த காட்சியில சட்டை பளபளன்னு இருக்கும். ஒருமணி நேரத்துல போயிடற கறை நல்லதுதான். போகாத கறையோட ஒருத்தன் வந்து நின்னா நாம சிரிக்கறோமா? பேங்க்ல, ஆஸ்பத்திரி வரிசையில, கல்யாணப் பந்தியில எங்க ஆளுங்களோட நின்னு பாருங்க, தெரியும். கரை வேட்டிக்கு நாற்காலி கிடைக்கும், கறை வேட்டிக்கு "அப்படி ஓரமா நில்லுங்க" கிடைக்கும். ஒரு எழுத்துதான் வித்தியாசம்.

பெரியவங்க இதுக்குப் பழகிட்டாங்க. களை எடுக்கப் போற அக்காங்க சேலை மேல வீட்டுக்காரரோட பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கறாங்க, வெளியூர் போக ஒரு சேலையைத் தனியா மடிச்சு வெச்சிருக்காங்க. பிள்ளைங்கதான் மாட்டிக்குது. விடியற்காலையில அப்பாவோட இலைக்கட்டு தூக்கிட்டு அப்படியே பள்ளிக்கூடம் ஓடற பையனுக்கு வெள்ளைச் சட்டை. தோள்லயும் வயித்துலயும் பழுப்புத் திட்டு. எங்க பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒண்ணுல அழுக்குச் சட்டைன்னு ஒரு ஒம்பதாவது பையனைப் பிரேயர்ல முன்னாடி கூப்பிட்டு நிக்க வெச்சாங்க. அந்தச் சட்டையை அவன் அம்மா முந்தின நாள் ராத்திரிதான் துவைச்சுப் போட்டிருந்தாங்க. அது அழுக்கு இல்ல, கறை. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம் படிச்சுக் கொடுக்கறவங்களுக்குத் தெரிஞ்சிருக்கணும்ங்கறது என் கட்சி.

எட்டாவது வரைக்கும் சத்துணவுப் பிள்ளைங்களுக்கு அரசாங்கமே வருஷத்துக்கு 4 செட் சீருடை கொடுக்குது. ஒம்பதாவதுல இருந்து கைக்காசு. தோட்ட வேலைக்கு ஒத்தாசை பண்ற வயசும் அதுதான். ஒரே சட்டை, ஒரே வாழைப்பால், வருஷம் பூரா.

"வெளுத்தா போயிடும்"னு சொல்றவங்களுக்கு: எங்க ஊர்ல உவர்மண்ணுல முக்கி, ராத்திரி பூரா வெள்ளாவி வெச்சு வெளுத்த காலம் இருந்தது. அந்த வேலையை ஊருக்கே செஞ்ச பெரியவரைச் சின்னப் பசங்க கூடப் பேர் சொல்லித்தான் கூப்பிட்டாங்க, அது தனியா எழுத வேண்டிய அசிங்கம். அவரே வாழைக்கறைத் துணியைத் தனியா எடுத்து வெச்சுட்டு, "இது வந்த மாதிரிதான் திரும்பும்"னு சொல்லித்தான் வாங்குவார்.

அதனால வெளுக்கற வழியைத் தேடறதை விட்டுட்டு சட்டை நிறத்தை மாத்தச் சொல்றேன். வாழை, முந்திரி, செங்கல் சூளைன்னு வேலை நடக்கற ஊர்கள்ல எதுக்கு வெள்ளையும் இளநீலமும்? காப்பிக் கொட்டை நிறமோ அடர்த்தியான கட்டமோ போட்டா பாதிப் பிரச்சனை தெரியாமலே போயிடும். தலைமையாசிரியரும் பெற்றோர் கழகமும் ஒரு நாள் உக்காந்து இதைப் பேசணும்.

கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குச் சீருடை வாங்கித் தர்றோம்னு வருஷா வருஷம் வர்ற நண்பர்கள் இதைப் படிக்கறீங்கன்னா, துணி எடுக்கறதுக்கு முன்னாடி அந்த ஊர்ல என்ன விளையுதுன்னு ஒரு வார்த்தை கேளுங்க. சைஸும் ஒண்ணு பெருசாவே எடுங்க. ஒம்பதாவது பசங்க ஆடி மாசம் தச்ச சட்டையில தை மாசம் அடங்க மாட்டேங்கறாங்க.