தங்கப் பதக்கம் எத்தனை பவுன்?

போன மாசம் தூரத்துச் சொந்தத்துல ஒரு கல்யாணம். பந்தியில உக்காந்திருக்கும்போது எங்க அக்கா பெருமை தாங்காம சொல்லிட்டாங்க. பொண்ணு கலை வரலாறு எம்.ஏ.வில் முதல் இடம், பட்டமளிப்பு விழாவுல தங்கப் பதக்கம். எதிர் வரிசையில ரசத்துக்குக் குழி பண்ணிக்கிட்டிருந்த பெரியவர் நிமிர்ந்து கேட்டார்: "எத்தனை பவுன்மா?"

பந்தியே சிரிச்சுது. அவளும் சிரிச்சா. "வெறும் முலாம்தான் தாத்தா"ன்னு பதில் வேற. எனக்குத்தான் ரசம் இறங்கல.

அந்தப் பெரியவர் மேல எனக்குக் கோவம் இல்லீங்க. அவராவது கேள்வி கேட்டார். மேடையில பதக்கத்தை மாட்டிவிட்டு, போட்டோவுக்கு நின்னு, கையைத் தட்டிட்டுக் காரேறிப் போனவங்க மேலதான் கோவம். மெடல் கொடுக்கறது மாதிரி செலவில்லாத வேலை உலகத்துல உண்டா?

ஆறு மாசமா அவளோட சேர்ந்து நானும் வேலை விளம்பரம் பாக்கறேன். கண்ணுல பட்டதில் முக்கால்வாசி வரலாறு அல்லது தொல்லியல் எம்.ஏ. கேக்குது. மிச்சம் ஓவியம் வரையத் தெரியணும்ங்குது. சரி, மேல படிக்கலாம், யுஜிசி நெட் எழுதி உதவித்தொகை வாங்கலாம்னா, அங்கே கலை வரலாறுக்குன்னு தனிப் பாடமே கிடையாது. 79ம் எண் காட்சிக் கலை. ஓவியம், சிற்பம், அச்சு, விளம்பரக் கலை எல்லாம் ஏறின அதே பஸ்ஸுல இதுவும் ஒரு ஓரத்துல தொத்திக்கிட்டு நிக்குது. விருப்பப் பகுதின்னு ஒண்ணு இருக்கு, இல்லேங்கல. ஜே.ஆர்.எஃப். கிடைச்சா மாசம் 37,000 ரூபாய் (2023லேர்ந்து இந்தத் தொகை). நிஜமான மெடல் அதுதான். வாடகை கொடுக்கும்.

"இதைப் படிச்சு யாருக்கு என்ன பிரயோஜனம்?" பெரியவரோட அடுத்த கேள்வி. பாயசம் வர்றதுக்குள்ள சொல்ல முடியல. இப்ப சொல்றேன்.

1976ல் அன்னிக்குத் தஞ்சாவூர் மாவட்டத்துல இருந்த பத்தூர்ல ஒரு கூலித் தொழிலாளி மண்ணைத் தோண்டும்போது ஒரு நடராஜர் கிடைச்சார். கை மாறி, கடல் தாண்டி, 1982ல் லண்டன்ல ஒரு கனடா கம்பெனி அதை வாங்கிச்சு. சுத்தம் பண்ண பிரிட்டிஷ் மியூசியத்துல கொடுத்திருந்தப்ப போலீஸ் பிடிச்சுது. வழக்கு லண்டன் ஹைகோர்ட்டுல. இந்த நடராஜர் பத்தூர் நடராஜர்தானா? கேள்வி அவ்வளவுதான். ஒட்டியிருந்த மண்ணைப் பாத்தாங்க, கரையான் தடத்தைப் பாத்தாங்க, உலோகத்தைப் பாத்தாங்க. கூடவே சிலையோட பாணியும் விவாதத்துக்கு வந்துச்சு. பத்தூர்ல கிடைச்ச மத்த சிலைகளோட இது ஒத்துப் போகுதான்னு அலசினாங்க. நம்ம இரா. நாகசாமி போய் சாட்சி சொன்னார். 1988ல் தீர்ப்பு, மேல்முறையீடும் நின்னு 1991ல் சாமி ஊர் திரும்பினார். ஒரு முழங்கை எப்படி மடங்கியிருக்குன்னு வருஷக்கணக்கா உத்துப் பாக்கற படிப்புக்கு இதுதாங்க பிரயோஜனம்.

உடனே மடக்குவீங்க, தெரியும். நாகசாமி படிச்சது சம்ஸ்கிருதம். ஆனந்த குமாரசாமி வாங்கின டாக்டர் பட்டம் புவியியல்ல... அதாவது பாறை, கனிமம் சமாச்சாரம். சிலைத் திருட்டைத் துரத்தற விஜயகுமார் கப்பல் கம்பெனி ஆள், நம்மளை மாதிரி ப்ளாக் எழுத ஆரம்பிச்சவர். அப்புறம் எதுக்கு இந்தப் படிப்பும் மெடலும்?

அங்கதான் விஷயமே. நாகசாமியை முதல்ல சென்னை மியூசியத்துல வேலைக்கு வச்சாங்க. அப்புறம் 1966லேர்ந்து 1988 வரைக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கே இயக்குநர். சிவராமமூர்த்தியும் அதே மியூசியத்துல உக்காந்துதான் அமராவதிச் சிற்பங்கள் பத்தின புத்தகத்தை எழுதினார், 1942ல். மெடலை மட்டும் கொடுத்து அனுப்பலை. மேஜை, சம்பளம், சிலையைத் தொட்டுப் பாக்க அனுமதி எல்லாம் கொடுத்தாங்க. விஜயகுமாருக்கு அதுவும் இல்ல. சொந்த நேரம், சொந்தக் காசு. அவரைப் பாராட்டறோமே, அவர் ராத்திரி முழிச்சுப் பண்ற வேலையைப் பகல்ல சம்பளத்தோட பண்ண எத்தனை பேரை வச்சிருக்கோம்?

படிச்சவங்க பக்கமும் தப்பு இருக்கு, மறைக்கல. எங்க வீட்டுப் புள்ளையோட ஆய்வேட்டை வாங்கிப் படிச்சேன். சோழர் செப்புத் திருமேனி பத்தித்தான். இங்கிலீஷ்ல நாலு பக்கம் தாண்டறதுக்குள்ள நாக்கு தள்ளிடுச்சு. "இதைத் தமிழ்ல எழுதேன்டி"ன்னேன். "எழுதினா மார்க் கிடையாது மாமா"ன்னா. கோயில் குருக்களும் நிர்வாக அதிகாரியும் படிக்கவே முடியாத பாஷையில கோயில் சிலையைப் பத்தி எழுதினாத்தான் முதல் இடம். என்ன கொடுமை சார் இது!

இப்ப ஜூன் தேர்வுக்குத் தயார் பண்றா. வார்ப்பு நுட்பம் வரைக்கும் சந்தோஷமாப் படிச்சா, அவளுக்கு உபயோகம்தான். நேத்து போனப்ப சுவத்துல ஆணியடிச்சு மெடலை மாட்டியிருந்தா. கீழே மேஜையில வங்கித் தேர்வு கைடு ஒண்ணு புதுசா இருந்துச்சு. நான் பாத்ததை அவ பாத்துட்டா. "சும்மாதான் மாமா"ன்னு நெட் புத்தகத்தை அது மேல எடுத்து வச்சா.

டிஸ்கி: அந்தப் பெரியவர் இந்தப் பதிவைப் படிக்க வாய்ப்பில்ல. படிக்கறவங்க யாருக்காவது மியூசியம் பக்கம் வேலை காலின்னு காதுல விழுந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.