‘வீடு பூட்டியிருந்தது’ என்பது பதிலாகாது

பெங்களூரு சித்தையா சாலை நியாய தேகுல கட்டடத்தில் இயங்கும் குடும்பநல நீதிமன்றம் ஜீவனாம்சத்துக்கு உத்தரவு போடுகிறது, அத்தோடு கைகழுவிவிடுகிறது. பணம் வராவிட்டால் உத்தரவு பெற்ற பெண்தான் நிலுவைக்கு மனுப் போட வேண்டும். மறுபடி வக்கீல் கட்டணம், மறுபடி வாய்தா. ஒருவழியாக வாரன்ட் பிறந்து காவல் நிலையத்துக்குப் போனால், ‘வீடு பூட்டியிருந்தது, ஆள் இல்லை’ என்று எழுதித் திருப்பி அனுப்புகிறார்கள். அந்த ஆளோ இதே ஊரில் வேலைக்குப் போய்வருகிறார். மாதம் பிறந்தால் சம்பளம் கணக்கில் ஏறுகிறது. கம்பெனிக்கு அகப்படுகிறவர் காவல் துறைக்கு மட்டும் அகப்படாத மாயம் என்ன?

சட்டத்தில் வழியில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆவது பிரிவுப்படி, ஜீவனாம்ச நிலுவைக்காகச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்யலாம். ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறையும் உண்டு. சிறைக்குப் போய்வந்தால் கடன் தீர்ந்துவிடாது என்று 1988இலேயே குல்தீப் கவுர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜீவனாம்ச உத்தரவைப் பணத் தீர்ப்பாணை போலவே நிறைவேற்றலாம் என்றது 2020 நவம்பரில் வந்த ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத்தில் உத்தரவு பிறந்ததே, பெங்களூருவிலிருந்து போன ஒரு நிலத் தகராறில்தான். மண்ணுக்கு வைத்த கெடு, பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்குப் பொருந்தாதா?

இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. நிலுவை விழுந்து ஓராண்டுக்குள் மனுச் செய்யாவிட்டால் அந்தத் தொகைக்கு வாரன்ட் கேட்க முடியாது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆவது பிரிவில் இருந்த இந்த விதி, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தின் 144ஆவது பிரிவிலும் அப்படியே குந்தியிருக்கிறது. ஏய்ப்பவருக்குக் கெடு இல்லை. ஏமாந்தவருக்கு மட்டும் கெடு!



கர்நாடக உயர் நீதிமன்றம் இனியும் வேடிக்கை பார்க்கக் கூடாது. சம்பளக்காரர் இரண்டு மாதம் தவறினாலே ஜப்தி உத்தரவு நேரே அவருடைய நிறுவனத்துக்குப் போகட்டும். நிறைவேறாத வாரன்டுக்குக் காவல் ஆய்வாளர் நீதிமன்றத்தில் நேரில் நின்று காரணம் சொல்லட்டும். ஆறு மாதம் தாண்டிய மனுக்களின் பட்டியலை உயர் நீதிமன்றம் மாதந்தோறும் வெளியிடட்டும்.