ஓடுகிற பஸ்ஸில் விருந்து! ஓட்டுகிறவனுக்கு அரைமணி எங்கே?

போன வாரம் ஒரு நாள் ராத்திரி பத்தரை மணி. புளியந்தோப்பில் ஒரு டீக்கடை பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். சங்கக் கூட்டம் முடிந்து வந்த அலுப்பு. பக்கத்துத் தெரு இளைஞர் ஒருவர் தம் கைப்பேசியை நீட்டி, “இதைப் பாருங்க தோழர், எங்க அண்ணன் சிங்கப்பூர்லேர்ந்து அனுப்பிச்சுது” என்றார்.

படத்தில் ஒரு மாடி பஸ் ஓடுகிறது. நாம் தொத்திக்கொண்டு போகிற பஸ் மாதிரி இல்லை. உள்ளே மேஜைகள். மேஜைமேல் தட்டுகள், கண்ணாடி டம்ளர்கள். வெளியே நகரத்து விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து போகின்றன. உள்ளே பிரயாணிகள் சாப்பிட்டுக்கொண்டே ஊர் பார்க்கிறார்கள்.

“நம்ம பஸ்ஸுல நின்னுக்கிட்டு வேர்க்கடலை துன்னவே எடமில்ல” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தோம். ஓரத்தில் புரோட்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் டூரிஸ்ட் பஸ் டிரைவர். இதே வட்டாரத்துக்காரர். படத்தை இரண்டு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்: “எல்லாம் சரி தோழர். அந்த வண்டிய ஓட்றவன் எப்ப சாப்புடுவான்?”

எங்களில் யாருக்கும் பதில் தெரியவில்லை. அதற்குள் அவருக்கு முதலாளியிடமிருந்து போன் வந்துவிட்டது. பாதிப் புரோட்டாவைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு எழுந்து போனார். அவர் கேட்ட கேள்வியைத்தான் இந்த வாரம் உங்கள் முன்னால் வைக்கிறேன்.

இந்த மாதிரி விருந்து பஸ் சிங்கப்பூரில் 2017-ம் ஆண்டு புறப்பட்டது. அதற்கு முன்பே பாரிஸ் நகரத்தில் ‘புஸ்த்ரோனோம்’ என்ற பெயரில் ஒன்று ஓடியது. பிறகு லண்டனுக்கும் வந்தது. கண்ணாடிக் கூரை போட்ட மாடி பஸ். கீழ்த்தட்டில் சமையல்கட்டு. மேல்தட்டில் நாற்பது பேருக்குக் குறைவான ஆசனங்கள்தான். ராத்திரிச் சாப்பாடு ஒன்றன்பின் ஒன்றாக ஐந்தாறு பதார்த்தங்களாக வரும். முடிய ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும். வண்டி குலுங்கினாலும் மது சிந்தாதபடி டம்ளரைப் பிடித்து நிறுத்த மேஜையிலேயே ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.

இதைப் பார்த்து நமக்கு வயிற்றெரிச்சலா? இல்லை தோழர்களே. நல்ல சாப்பாட்டின்மீதும் நகரத்தின் அழகின்மீதும் தொழிலாளிக்கு எந்தப் பகையும் கிடையாது. அந்த நகரத்தைக் கட்டியவனே அவன்தானே! சென்னையிலும் 2008-ம் ஆண்டு வரை மாடி பஸ் ஓடிற்று. மேல்தட்டில் முன் ஆசனம் பிடிக்க நம் பிள்ளைகள் போட்டி போட்டுக்கொண்டு ஏறியது நமக்கு மறந்துவிடவில்லை. நம் பெண்டு பிள்ளைகளும் ஒரு ராத்திரி மாடி பஸ்ஸில் உட்கார்ந்து, கடற்கரை விளக்கைப் பார்த்தபடி நாலு இட்லி சாப்பிட வேண்டும் என்பதுதான் நம் ஆசை.

நம் கேள்வி வேறு. ஓடுகிற பஸ்ஸிலேயே ஒருவர் மூன்று மணி நேரம் சாவகாசமாகச் சாப்பிட ஏற்பாடு செய்யத் தெரிந்த உலகம் இது. உழைக்கிறவன் அரைமணி உட்கார்ந்து சாப்பிட ஏற்பாடு செய்ய மட்டும் இதற்கு ஏன் தெரியவில்லை?

அந்த இளைஞரின் அண்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் சிங்கப்பூரில் கட்டட வேலை செய்கிறார். தஞ்சாவூர், புதுக்கோட்டைப் பக்கத்து விவசாயத் தொழிலாளிகளின் பிள்ளைகளும் ஏஜெண்டுக்குக் கடன் வாங்கிக் கொடுத்துவிட்டு அங்கே போயிருக்கிறார்கள். அவர்கள் வேலைக்குப் போவது எதில்? பெரும்பாலும் லாரியின் பின்தட்டில். மேலே ஒரு கூரை, பக்கத்தில் கம்பித் தடுப்பு. ஆசனம் கிடையாது, பெல்ட் கிடையாது. அந்த நாட்டுச் சட்டம் இதை அனுமதிக்கிறது. 2021 ஏப்ரலில் அங்கே விரைவுச் சாலையில் தொழிலாளிகளை ஏற்றிப்போன லாரி, நின்றுகொண்டிருந்த இன்னொரு லாரியில் மோதி இரண்டு பேர் உயிர் போயிற்று. 2023-ல் தொழிலாளர் நல அமைப்புகள், லாரியில் ஆள் ஏற்றுவதை நிறுத்துங்கள் என்று கூட்டாகக் கேட்டன. நிறுத்தினால் கம்பெனிகளுக்குச் சிரமம், வேலை தாமதமாகும் என்று அரசாங்கம் பதில் சொல்லிவிட்டது.

சாப்பாடு? காலைக்கும் மத்தியானத்துக்குமாக விடியுமுன்பே பொட்டலம் வந்துவிடும். விடுதி வாசலில் அதை எடுத்துக்கொண்டு லாரி ஏற வேண்டியது. வெயிலில் கிடந்து மத்தியானத்துக்குள் சோறு புளித்துப் போவதும் உண்டு. ஒரே நகரம், ஒரே சாலை. ஒரு வண்டியில் ஆசனம், மேஜை, சுடச்சுடச் சாப்பாடு. இன்னொரு வண்டியில் தரையில் உட்கார்ந்த மனிதன், மடியில் ஆறிப்போன பொட்டலம்.

சிங்கப்பூருக்கு எதற்குப் போக வேண்டும்? நம் ஊரில் நடவுக்கும் அறுப்புக்கும் பெண்களைக் ‘குட்டியானை’ வண்டியில் நெருக்கியடித்து ஏற்றிப் போவதை நாம் பார்க்கவில்லையா? மடியில் தூக்குவாளி இருக்கும். அதைத் திறக்க நேரம் எப்போது என்பது வேலைக்கு அழைத்துப் போகிறவர் இஷ்டம்.

டீக்கடையில் கேள்வி கேட்ட டிரைவரின் கதையும் இதுதான். விடியற்காலை ஐந்து மணிக்கு வண்டியை எடுக்கிறார். மகாபலிபுரம், காஞ்சிபுரம் சுற்றிக் காட்டிவிட்டு ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வண்டியை விடுகிறார். வழியில் ஹோட்டலில் பிரயாணிகளுக்கு முக்கால் மணி நேரம் சாப்பாடு. அந்த முக்கால் மணியில் இவர் கண்ணாடி துடைக்க வேண்டும், டயர் பார்க்க வேண்டும், உள்ளே கிடக்கும் குப்பையை வார வேண்டும். “ஓட்டல்காரன் நம்மகிட்ட காசு வாங்கமாட்டான் தோழர். சோறு ஓசிதான். உக்காந்து துன்னத்தான் நேரம் கெடையாது” என்று ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறார். அவருடைய முதலாளியிடம் டிரைவர், கிளீனர் எல்லோரையும் சேர்த்தால் எட்டுப் பேர். இந்த எட்டு என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

சாப்பாட்டு நேரம் என்பது சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால், அவருக்குப் புளியந்தோப்பின் சரித்திரம் தெரியாது என்று அர்த்தம். 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் என்று அதைச் சொல்வார்கள். செல்வபதி செட்டியார், ராமாஞ்சுலு நாயுடு ஆகிய இருவரும் முயற்சி எடுத்து, பி.பி. வாடியாவை அழைத்து வந்து, பெரம்பூர் பக்கிங்காம், கர்னாடிக் ஆலைத் தொழிலாளிகளைத் திரட்டினார்கள். அந்தத் தொழிலாளிகள் முதன்முதலில் எழுப்பிய கோரிக்கைகளில் ஒன்று என்ன தெரியுமா? மத்தியானச் சாப்பாட்டுக்கு விடுகிற 30 நிமிஷம் போதாது, 40 நிமிஷமாக்கு என்பதுதான்! கைகால் கழுவவும் வரிசையில் நிற்கவுமே பாதி நேரம் போய்விட்டால், சோற்றை மெல்லுவது எப்போது? ஒன்றாகக் கேட்டார்கள்; அந்தப் பத்து நிமிஷம் கிடைத்தது. அந்த ஆலை 1996-ல் மூடப்பட்டுவிட்டது. சாப்பாட்டு நேரத்துக்காகப் போராடிய தொழிலாளியின் பேரப்பிள்ளைகள் இன்று டிரைவராக, கண்டக்டராக, துறைமுகத்தில் லாரி ஓட்டுகிறவராக இருக்கிறார்கள்.

பஸ், லாரித் தொழிலாளிகளுக்குச் சட்டமும் வந்தது. 1961-ம் ஆண்டு பார்லிமெண்ட் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றியது. நாளுக்கு எட்டு மணி, வாரத்துக்கு 48 மணி வேலை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. நடுவே குறைந்தது அரைமணி ஓய்வு கொடுத்தாக வேண்டும். இடைவேளையெல்லாம் சேர்த்தாலும் ஒரு நாள் வேலை 12 மணியைத் தாண்டக் கூடாது. நூறு பேர் வேலைக்கு வந்து போகிற இடத்தில் கேண்டீன் வைக்கும்படி அரசாங்கம் உத்தரவிடலாம். இரவு தங்க வேண்டிய இடத்தில் ஓய்வறை வேண்டும். ஐந்து தொழிலாளிகள் உள்ள முதலாளியையே இந்தச் சட்டம் கட்டுப்படுத்தியது. ஏட்டில் இருந்ததெல்லாம் ரோட்டில் நடந்ததா என்றால், எல்லா இடத்திலும் நடக்கவில்லை. ஆனாலும் அரைமணி என்று அச்சில் இருந்தது. அதைக் காட்டி வாதாட இடம் இருந்தது.

இப்போது என்ன ஆயிற்று? மத்திய அரசாங்கம் 29 தொழிலாளர் சட்டங்களை நாலு தொகுப்புகளாகச் சுருட்டியது. 2020-ல் நிறைவேறிய தொழில்சார் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்தது. மோட்டார்த் தொழிலாளியின் 1961-ம் ஆண்டுச் சட்டம் அதற்குள் கரைந்துபோயிற்று. எட்டு மணி வேலை என்ற பேச்சு இருக்கிறது. ஆனால் நடுவில் எவ்வளவு இடைவேளை, ஒரு நாள் வேலை எத்தனை மணிக்குள் முடிய வேண்டும் என்பதை அரசாங்கம் அறிவிக்கும் என்று விட்டுவிட்டார்கள். சட்டத்தின் நெஞ்சில் இருந்த அரைமணி, அதிகாரியின் பேனா முனைக்குப் போய்விட்டது.

இன்னொன்றும் நடந்திருக்கிறது. ஐந்து தொழிலாளி என்றிருந்தது பத்து என்றாகிவிட்டது. டீக்கடை டிரைவரின் முதலாளியிடம் எத்தனை பேர்? எட்டு! பழைய கணக்கில் அவர் சட்டத்துக்குள் இருந்தார். புதிய கணக்கில் வெளியே நிற்கிறார். கையில் பாதிப் புரோட்டாவோடு நிற்கிறார்.

“நேரத்துக்கு வண்டி எடுக்க வேண்டாமா? ஜனங்கள் காத்திருப்பார்களே?” என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த விருந்து பஸ்ஸையே உதாரணமாகப் பாருங்கள். சூப் சிந்தாமல் இருக்க வண்டியை நிதானமாக ஓட்டுகிறார்கள். ஒவ்வொரு தட்டும் எப்போது வர வேண்டும் என்று பார்த்துப் பிரயாணத்தை அமைக்கிறார்கள். காசு கொடுத்தவரின் சாப்பாட்டுக்காக வண்டி ஓட்டத்தையே மாற்றி அமைக்க முடிகிறது. அப்படியானால் ஓட்டுகிறவரின் சாப்பாட்டுக்காக ஒரு மாற்று டிரைவரை வைக்க முடியாதா? மேலும், பசியும் தூக்கமும் கண்ணைச் சொருக ஒருவர் ஸ்டியரிங் பிடித்தால், ஆபத்து அவருக்கு மட்டுமா? பின்னால் உட்கார்ந்திருக்கிற ஐம்பது குடும்பங்களுக்குமல்லவா? ஆகவே டிரைவரின் அரைமணி பிரயாணியின் உயிர்க் காப்பும் ஆகும்.

நம் வட்டாரத்திலேயே யோசிக்க வேண்டிய இன்னொரு விஷயம் உண்டு. 2025 ஜூன் 30-ம் தேதி வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சார பஸ்கள் புறப்பட்டன. புகையில்லாத பஸ், நம் பிள்ளைகளின் நுரையீரலுக்கு நல்லது, வரவேற்கிறோம். ஆனால் அவை ஒப்பந்த முறையில் ஓடுகின்றன. டிரைவர் தனியார் கம்பெனி ஆள். கண்டக்டர் அரசுப் போக்குவரத்துக் கழகத்து ஆள். ஒரே பஸ், ஒரே பாதை, ஒரே பசி. எஜமானர்கள் இரண்டு பேர். சாப்பாட்டு நேரத்தை இருவரும் யாரிடம் போய்க் கேட்பது? தனித்தனியாகக் கேட்டால் தனித்தனியாகத்தான் பதில் வரும்.

பிரிந்து நின்றால் என்ன ஆகும் என்பதும் இந்த மண்ணுக்குத் தெரியும். 1921-ல் அதே ஆலைகளின் வேலைநிறுத்தத்தில் சாதியின் பேரால் தொழிலாளி தொழிலாளியோடு மோதினான். புளியந்தோப்பில் ஆதிதிராவிட மக்களின் குடிசைகள் எரிந்தன. அக்டோபரில் வேலைநிறுத்தம் முறிந்தது. 1918-ல் ஒன்றாக நின்று பத்து நிமிஷம் வாங்கியவர்கள், 1921-ல் பிரிந்து நின்று சங்கத்தையே பலவீனமாக்கிக்கொண்டார்கள். நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி என்று இன்று போடப்படுகிற கோட்டையும் அந்த அனுபவத்தோடுதான் நாம் பார்க்க வேண்டும்.

ஆகவே நம் கோரிக்கை தெளிவானது. அரசாங்கம் எழுதும் விதியில் ஐந்து மணி வேலைக்கு நடுவே அரைமணி என்று எண்ணால் எழுதப்பட வேண்டும். எட்டுப் பேர் இருந்தாலும் இரண்டு பேர் இருந்தாலும் அது பொருந்த வேண்டும். ஒப்பந்த டிரைவருக்கும் நிரந்தரக் கண்டக்டருக்கும் ஒரே நேரம், ஒரே கேண்டீன், ஒரே பெஞ்சு வேண்டும். ராத்திரி ஷிப்டிலும் பணிமனைக் கேண்டீனில் அடுப்பு எரிய வேண்டும்.

ஆலைத் தோழர்களே, இது பஸ்காரர் பிரச்சினை என்று ஒதுங்காதீர்கள். உங்கள் ஷிப்டுக்கு உங்களைக் கொண்டுபோய் விடுகிறவர் அவர். வயல் தோழர்களே, வரப்பில் உட்கார்ந்து கஞ்சி குடிக்கிற நேரம் யாரும் உங்களுக்குப் போட்ட பிச்சையில்லை. அதுவும் இதே அரைமணிதான். சங்கக் கிளைகளில் இதைப் பேசுங்கள். டிரைவர், கண்டக்டர், கிளீனர் யாரைப் பார்த்தாலும், “சாப்பிட்டாச்சா? எத்தனை நிமிஷம் கிடைச்சுது?” என்று கேளுங்கள். பதிலை எழுதி வையுங்கள். அந்தக் கணக்கோடு தொழிலாளர் துறை அதிகாரியின் வாசலுக்குப் போவோம்.

உல்லாச பஸ்ஸில் ஊர் பார்க்கிறவர்கள் நன்றாகச் சாப்பிடட்டும். அந்த வண்டியை ஓட்டுகிறவரும், தட்டைக் கழுவுகிறவரும், அந்தச் சாலையைப் போட்டவரும் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். 1918-ல் நம் பெரியவர்கள் பத்து நிமிஷம் வாங்கினார்கள். நாம் அரைமணியை மீட்போம்!