‘ஆனிஸ்’ என்ற சொல்லும் ஒரு போலிக் கணக்கும்

அரபு நாடுகளில் பெண்கள் காலந்தாழ்ந்து மணப்பதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் பல, ‘உனூஸா’ (மணமாகா முதிர்வு) என்ற சொல்லை ஐயமின்றி ஏற்றுக்கொள்கின்றன. நாளேடுகள் அதை நோய்ப்பரவலைப் போல விழுக்காட்டில் வெளியிடுகின்றன. ஆய்வாளர்கள் அந்த விழுக்காட்டையே மேற்கோளாக்குகின்றனர். எண்ணத் தொடங்கிய வயது 30-ஆ, 35-ஆ என்று கேட்பார் அரிது. தாமதமாக மணக்கவிருப்பவரும் மணமே வேண்டாதவரும் ஒரே கட்டத்துள் அடைக்கப்படுகின்றனர். வசைச்சொல்லுக்குத் தசமப்புள்ளி வைத்துவிட்டால் அது மக்கள்தொகையியல் ஆகிவிடாது. பலதார மணத்தைத் ‘தீர்வு’ என்று முன்வைப்போர் கையில் எடுப்பதும் இந்தக் கணக்கைத்தான்.

13ஆம் நூற்றாண்டில் இப்னு மன்ஸூர் தொகுத்த ‘லிஸானுல் அரபு’ அகராதி, பருவமெய்தியபின் நெடுங்காலம் மணமாகாதிருக்கும் ஆணையும் பெண்ணையும் ‘ஆனிஸ்’ என்ற ஒரே சொல்லால் குறிக்கிறது. பெண்ணுக்கே மிகுதியாக வழங்கும் என்றும் சேர்க்கிறது. அந்த மிகுதி இன்று முழுமையாகிவிட்டது. (அதை ‘முதிர்கன்னி’ என்று தமிழாக்குவோர், அதற்கும் ஆண்பால் இல்லை என்பதைச் சற்றே எண்ணலாம்.)

எகிப்தில் மணமகன் வீட்டுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். ‘ஷப்கா’ எனும் பொன்நகை வாங்க வேண்டும். மஹர் தர வேண்டும். பெண் வீட்டாருக்கும் அறைகலன், பாத்திரம் என்று செலவு நீள்கிறது. நிலையான வேலை கிட்டாத இளைஞர் இவற்றைச் சேர்க்க ஆண்டுகள் ஆகின்றன. அரசறிவியலாளர் டயான் சிங்கர்மேன் இக்காத்திருப்பின் பொருளாதாரத்தை விரிவாகவே ஆராய்ந்துள்ளார். காத்திருப்பவர் இருபாலரும். ஆயினும் ‘மண ரயில் போய்விட்டது’ என்ற அரபு வழக்கு அவளைத்தான் குத்துகிறது. அவனுக்கு அந்த ரயில் எந்த வயதிலும் நிலையத்தில் நிற்கிறது.

கெய்ரோவில் செவ்வாய்தோறும் இலக்கிய அவை கூட்டிய எழுத்தாளர் மை ஸியாதா (1886–1941) மணம் புரியவில்லை. அவ்வவைக்கு வந்த அப்பாஸ் மஹ்மூத் அல் அக்காதும் 1964இல் மறையும்வரை மணம் புரியவில்லை. அக்காதின் தனிமை அறிவுத் தவமாயிற்று. மையின் கட்டுரைகளைவிட, ஜிப்ரானுடன் அவர் கொண்ட கடிதத் தொடர்பே மிகுதியாகப் பேசப்படுகிறது. பெற்றோர் மறைந்தபின் உறவினர் அவரை லெபனானில் மனநல மருத்துவமனையில் சேர்த்தனர். வெளிவந்த அவர், 1938இல் பெய்ரூத்தின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் சொற்பொழிவாற்றித் தம் அறிவு தெளிவானதென்று அவையறிய நிறுவ வேண்டியிருந்தது.