பதினைந்து நிமிட முன்னெச்சரிக்கை

பாலாற்றின் கரையையொட்டி அமைந்த ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்கள் தோல் தொழிலால் உலகச் சந்தையில் பெயர் பெற்றவை. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறிடும் தொழில் அது. ஆனால், ஒரு கிலோ தோலைப் பதப்படுத்த ஏறத்தாழ 30 முதல் 40 லிட்டர் நீர் செலவாகிறது. கெடாமலிருக்கத் தோலில் தடவிய உப்பும், பதனிடச் சேர்த்த வேதிப்பொருள்களும் அந்நீருடனே வெளியேறுகின்றன. நெடுங்காலம் அக்கழிவுநீர் நிலத்திலும் ஆற்றிலும் கலந்ததன் விளைவை, உவர்த்துப்போன கிணறுகளில் உழவர்கள் கண்டனர்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்தல் வேண்டும், தீங்கு நேருமுன்பே அதனைத் தடுத்தல் வேண்டும் என்னும் இரு கொள்கைகளும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என அத்தீர்ப்பு அறிவித்தது. இரண்டாவது கொள்கை முன்னெச்சரிக்கைக் கொள்கை எனப்படும். அக்கொள்கை நீதிமன்ற ஏடுகளில் இருந்தால் மட்டும் போதாது. சுத்திகரிப்பு நிலையத்தின் குழாயடியிலும் நாள்தோறும் கடைப்பிடிக்கப்பட வேண்டும் என்பதே என் கருத்து.

பொதுக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களில் கழிவுநீர் முதலில் நுண்ணுயிர்களின் துணையாலும் வடிகட்டிகளாலும் தூய்மை பெறுகிறது. எனினும், கரைந்துள்ள உப்பை அவற்றால் நீக்க இயலாது. ஆகவே, எதிர்ச்சவ்வூடு பரவல் முறையில் அந்நீரை உயர் அழுத்தத்துடன் மெல்லிய சவ்வினூடே செலுத்துகின்றனர். உப்பு ஒருபுறம் தங்கிவிட, மறுபுறம் சேரும் நன்னீர் மீண்டும் ஆலைக்கே பயன்படுகிறது. இச்சவ்வுக்குப் பகை, கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்கள். அவை படியப் படிய நன்னீர் குறைகிறது, மின்செலவு மிகுகிறது, இறுதியில் சவ்வையே மாற்ற நேர்கிறது. அதுவரை ஆலைகளிலிருந்து வரும் கழிவுநீர் காத்திருக்காது.

அடைப்பு நேருமுன் அறிவிக்கும் எளிய சோதனை ஒன்றுண்டு. அதில் பெறும் எண்ணை 'வண்டல் அடர்த்திக் குறியீடு' எனலாம். சவ்வுக்குள் நுழையவிருக்கும் நீரை, 0.45 மைக்ரான் துளையுடைய வடிதாளின் வழியே மாறாத அழுத்தத்தில் செலுத்த வேண்டும். முதல் 500 மில்லிலிட்டர் நிரம்பும் நேரத்தைக் குறித்துக்கொண்டு, நீரைத் தொடர்ந்து ஓடவிட்டு, 15 நிமிடம் கழித்து அதே அளவு நிரம்பும் நேரத்தை மீண்டும் குறிக்க வேண்டும். முதலில் 30 விநாடியும் பின்னர் 60 விநாடியும் ஆயின், ஓட்டம் 50 விழுக்காடு குறைந்துள்ளது என்பது பொருள். அந்த 50ஐ 15ஆல் வகுத்தால் கிடைக்கும் 3.3 என்பதே குறியீடு. அது 5ஐத் தாண்டலாகாது. 3க்குக் கீழிருத்தல் நன்று என்பது பொதுவான வரையறை.

"சவ்வு அடைத்தால் கழுவிக்கொள்ளலாமே" என்பர் சிலர். கழுவலாம், ஆனால், ஒவ்வொரு முறை கழுவும்போதும் வேதிப்பொருளும் நேரமும் செலவாகும், சவ்வின் ஆயுளும் குறையும். "ஓர் எண் அனைத்தையும் கூறிவிடுமா?" என வினவுவோரும் உளர். கூறாது. கால்சியம், சிலிக்கா போன்றவை படிவதையும் நுண்ணுயிர்கள் பெருகுவதையும் அறியத் தனிச் சோதனைகள் தேவை. வெப்பமானி எல்லா நோயையும் காட்டாது என்பதற்காக எந்த மருத்துவரும் அதனை எறிந்துவிடுவதில்லை.

2015 சனவரி 31 அன்று இராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையமொன்றின் கசடுத் தொட்டிச் சுவர் இடிந்து 10 பேர் உயிரிழந்தனர். அது சவ்வோடு தொடர்பற்ற விபத்து. எனினும், நிலையத்தைக் கட்டி முடிப்பதோடு கடமை முடிந்துவிடுவதில்லை என்பதை அத்துயரம் உணர்த்துகிறது.

எனவே, ஒவ்வொரு நிலையமும் இச்சோதனையின் முடிவை நாள்தோறும் ஏட்டில் பதிவதோடு, ஊரார் காணும்படி பலகையிலும் எழுதிவைத்தல் வேண்டும். இன்று 3, நாளை 4 என எண் ஏறும்போதே வடிகட்டிகளைச் சீர்செய்துவிடலாம். மாணவர்களே, அப்பலகையைப் படித்துப் பொருளுணரும் அறிவு உங்களுக்கு உண்டு. ஏன் இந்த எண் கூடியது என்று கேட்கும் உரிமையும் உண்டு. வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது முன்னோர் வாக்கு. பாலாற்றைக் காக்க விரும்புவோர் அவ்வணையை இப்பதினைந்து நிமிடத்திலிருந்து கட்டத் தொடங்கலாம்.